கத்தரிப்பூ நிறக் காரின் நிழல்

நெடுஞ்சாலையை நாலு வழியாக்குவதற்காகப் பாறைக்குளத்தின் கடைசித் தூங்குமூஞ்சி மரத்தையும் வெட்டிச் சாய்த்து, அடிமரத்தைச் சங்கிலி போட்டு இழுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிற்பாடு, அந்த மரத்தடியில் முப்பது வருஷமாக நின்றுகொண்டிருந்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மட்டும் வெட்டவெளியில் தனியாக நின்றது. சக்கரம் நாலும் மண்ணில் புதைந்து, முன்விளக்குக் குழி இரண்டிலும் குருவி கூடு வைத்து, வீடு இடிந்த பிறகு மிஞ்சிய அடுப்பு மாதிரி இருந்த அந்தக் காரை யாரும் தனக்கென்று கேட்கவில்லை, தங்கபுஷ்பம் டீச்சர் கேட்கும் வரைக்கும்.

தங்கபுஷ்பம் எருக்கம்பட்டிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பாறைக்குளத்திலிருந்து எருக்கம்பட்டிக்கு ஒரே ஒரு டவுன் பஸ்தான். அது வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு, வந்தும் நிற்காமல் போகிற நாள்தான் ஜாஸ்தி. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றவள், நின்று நின்றே நெற்றி கறுத்தவள், ஓடிப்போய் ஏறுவதில் தன் மாணவிகளையே தோற்கடிக்கக் கூடியவள். அவளுக்குத் தோள் அகலம், குரல் அதைவிட அகலம். விசிலை மறந்துவிட்டு வந்த நாளில் அவள் சும்மா ‘ஏய்’ என்றால் மைதானத்துக்கு அப்பால் மேய்கிற ஆடுகளும் வரிசைக்கு வந்துவிடும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள்.

காருக்குச் சொந்தக்காரர் மூடிப்போன ரைஸ் மில்லின் பழைய முதலாளி. அவர் மகன் கோயம்புத்தூரில் இருந்தான். போனில் கேட்டதற்கு, “எடுத்துக்கோங்கம்மா, இல்லாட்டி ரோடு போடுறவங்க நசுக்கிருவாங்க” என்று சொல்லிப் பேப்பர்களையும் அனுப்பிவைத்தான். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் காரை இறக்கியபோது, அவள் புருஷன் அருமைநாயகம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவர். எதையும் ரெண்டு தடவை அளந்து, மூணாவது தடவையும் அளந்து, பிறகு நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிற மனுஷன்.

“இதை என்ன செய்யப் போற?”

“ஓட்டப் போறேன்.”

“எங்க?”

“ஸ்கூலுக்கு.”

“தினமுமா?”

“ஸ்கூலு தினமும்தான இருக்கு.”

அருமைநாயகம் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். தரைத் தகடு முழுக்கத் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததால், காரின் தரை வழியாகக் கொட்டகையின் தரை தெரிந்தது. அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமையும், முழுசாக ரெண்டு கோடை லீவும் அந்தக் கொட்டகையில் போயின. ஹெரால்டு காரின் பானட் மற்ற கார்களைப் போலக் கண்ணாடிப் பக்கம் திறக்காமல், முதலை வாயைப் பிளக்கிற மாதிரி மொத்தமாக முன்னால் சாயும். அந்த வாய்க்குள் தங்கபுஷ்பம் நாள் பூராவும் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். துருவைச் சுரண்டினாள், சுரண்டிய இடத்தில் தகடு வெட்டி வைத்து வெல்டு பிடித்தாள், வெல்டு பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குள் ரெண்டு சேலையையும் ஒரு புருவத்தையும் பொசுக்கிக்கொண்டாள். பழைய எஞ்சின் பிஸ்டனோடு இறுகிக் கல்லாகிப் போயிருந்ததால், காயலாங்கடையில் கிடந்த ஓர் ஓம்னி வேனின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கொண்டுவந்து, அதற்குத் தக்கபடி தாங்கு கட்டைகள் செய்து உட்காரவைத்தாள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது, சீட் பெல்ட் வந்தது, செல்போனுக்குச் சார்ஜர் வந்தது.

மதுரையிலிருந்து பழைய கார் பிரியர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஒரிஜினலா இருந்தாத்தாம்மா இதுக்கு மதிப்பு. நீங்க வேன் எஞ்சினை வச்சிருக்கீங்க.”

“மதிப்பு உங்களுக்கு. எனக்கு எட்டே முக்காலுக்கு பிரேயர்” என்றாள் தங்கபுஷ்பம், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே.

சீட்டுகளை அருமைநாயகம் தைத்தார். மூணு தடவை அளந்தார், நாலாவது தடவை அளக்கப் போனபோது அவளே கத்திரியைக் கையில் கொடுத்தாள். யூனிபாரத்தில் மிச்சம் விழுந்த கரும்பச்சைத் துணியையெல்லாம் ஒட்டுப்போட்டு உள்கூரைக்கு விரித்தார். அண்ணாந்து பார்த்தால் எந்தெந்தப் பள்ளிக்கூடம் என்று அவருக்கு மட்டும் தெரியும். வண்டிக்கு என்ன நிறம் என்பதில் பத்து நாள் சண்டை. கடைசியில் கத்தரிப்பூ நிறம், மேலே வெள்ளை. ஏசி மட்டும் வைக்க முடியவில்லை. அந்தச் சின்ன எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்காது.

“வெந்துபோவியே புஷ்பம்” என்றார் அவர்.

“பஸ்ஸுல வேகாததா.”

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை காலையில், சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அவள் காரைக் கொட்டகையை விட்டு வெளியே எடுத்தாள். வண்டி தெருவுக்கு வந்து வெயிலில் நின்றதும், கேட்டைச் சாத்த வந்த அருமைநாயகம் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்.

“புஷ்பம், நிழல் விழுது.”

“எதோட நிழல்?”

“மரத்தோடது.”

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தாள். மேலே நீல வானமும் கரண்ட் கம்பியும்தான் இருந்தன. கீழே, காரைச் சுற்றி, எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும், பக்கத்து வீட்டுக் குழாயடி வரைக்கும், குடையாய்ப் பரந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் இலை இலையாகக் கிடந்து அசைந்துகொண்டிருந்தது.

“நல்லதாப் போச்சு. ஏசி இல்லையேன்னு பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதால் அவள் கியரைப் போட்டாள்.

அந்த நிழல் அவள் போன இடமெல்லாம் போனது. வண்டி மெதுவாகப் போனால் மெதுவாகவும், வேகமாகப் போனால் வேகமாகவும், தார் ரோட்டின் மேலும் வரப்பின் மேலும் கிணற்றுச் சுவரின் மேலும் ஏறி இறங்கிக் கூடவே ஓடியது. காலையில் இலை விரித்து அகலமாகக் கிடக்கும். பொழுது சாயும்போது, அந்த மரத்தின் வழக்கப்படியே, இலைகளைக் கூப்பிக்கொண்டு வெறும் வலை மாதிரி ஆகிவிடும். நிழலுக்குள் கிளைகள் இருந்தன, கிளைகளில் காக்காக்கூடு இருந்தது, அணிலின் நிழல் பானட்டின் மேல் ஓடிச் சைடு கண்ணாடியில் இறங்கி மறைந்தது. சில நாள் பூ உதிரும்; பூவின் நிழல் அவள் தோளில் விழுந்து, தட்டிவிட்டால் போகும்.

பாறைக்குளத்துக்காரர்கள் இது எப்படி என்று ரொம்ப யோசிக்கவில்லை. மரத்தை வெட்டினவர்கள் நிழலை ஏற்ற மறந்துவிட்டார்கள், அது பழகின இடத்தில் ஒண்டிக்கொண்டது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், அது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அதைவிட முக்கியமான கேள்விகள் அவர்களுக்கு இருந்தன: டீச்சர் எத்தனை மணிக்குக் கிளம்புவாள், எந்தப் பக்கமாகப் போவாள், கடைக்கு வந்தால் எவ்வளவு நேரம் நிற்பாள். தூங்குமூஞ்சிக் கார் என்று பேரும் வைத்துவிட்டார்கள், ஊரிலேயே அதிகாலையில் முதலில் முழிக்கிற வண்டி அதுதான் என்றாலும்.

எருக்கம்பட்டி ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் காலையில் முக்கு ரோட்டில் காத்திருந்து, கார் வந்ததும் நிழலுக்குள் நுழைந்துகொண்டு, கோழியோடு குஞ்சுகள் போகிற மாதிரி ரெண்டு பக்கமும் கூடவே போனார்கள். கைக்குழந்தைக்காரிகள் பின்னால் வந்தார்கள், ஐஸ் வண்டிக்காரர் ஐஸ் உருகாமல் இருக்க வந்தார், முட்டை வண்டிக்காரர் எதற்கென்றே தெரியாமல் வந்தார். மாற்று எஞ்சினைப் பதிவு செய்வதற்காக வண்டியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், நிழல் ரோட்டின் ரெண்டு ஓரத்தையும் தாண்டி விழுவதைக் கவனித்து, வண்டியின் அகலம் என்று எதைப் போடுவது என யோசித்தபடி நிழலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரெண்டு டீ குடித்தார். பிறகு, நிழல் ஸ்பேர் பார்ட்ஸில் சேராது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இன்னொரு டீக்கு இருந்துவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பத்துக்கு இதிலெல்லாம் சந்தோஷம்தான் என்றாலும், அவள் உள்ளூரப் பூரித்துப்போனது எருக்கம்பட்டி மைதானத்தில். அந்த மைதானத்தில் ஒரு புல் கிடையாது. இத்தனை வருஷமும் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை அங்கே இறக்கினால் ரெண்டு பேராவது மயங்கி விழுவார்கள். கோ-கோ விளையாடக் காலில் தெம்பு இருந்தும், தரை சுட்டுப் பாதம் பொத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது அவள் காரை மைதானத்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். நிழல் கோட்டுக்குக் கோடு நிறைந்தது. டீம் கேப்டன் காளீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கால் வைத்துப் பார்த்து, “டீச்சர், ஜில்லுன்னு இருக்கு” என்றாள். அன்றைக்கு அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் தன் அறையை விட்டு வெளியே வந்து, யாரும் சொல்லாமலே கைதட்டினார். அந்த வருஷம் எருக்கம்பட்டி டீம் வட்டாரப் போட்டியில் ஜெயித்து, மாவட்டத்தில் மூணாவதாக வந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் வெயில் முன்னெப்போதும் இல்லாத மாதிரி அடித்தது. பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிற மாடத்தி, கூடையைத் தலையில் ஏற்றப் போனவள், ஏற்றாமலே சாய்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கமாக வந்த தங்கபுஷ்பம் காரை நிறுத்தி, அவளைக் கொய்யாப்பழத்தோடு தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். மாடத்தி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே பேரூராட்சித் தலைவர் கனகவேல், நாலைந்து பேரோடு, தையல் கடையில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எந்நேரமும் தவித்துக்கொண்டிருப்பவர், என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் தடுமாறுவார்.

“டீச்சர், உங்களுக்கு லீவு விடப்போகுது. வண்டி சும்மா கொட்டகையிலதான நிக்கும். அதைப் பஸ் ஸ்டாண்டுல நிறுத்துனா சனம் நிழல்ல நிக்கும். ஒரு மே மாசம் மட்டும்.”

தங்கபுஷ்பம் மாடத்தியின் வெளிறிப்போன முகத்தை நினைத்தாள். “ஸ்கூல் திறக்குறப்ப எனக்கு வேணும் தலைவரே” என்றாள்.

“அது உங்க வண்டி. உங்களைக் கேக்காம யாரு தொடுவா.”

அப்படித்தான் கார் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. அந்த மே மாதத்தைப் போல ஒரு மே மாதத்தைப் பாறைக்குளம் கண்டதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ் வந்தும் ஏறாமல் நின்றார்கள். சவரக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பேங்க்கில் வரிசை நிற்கிறவர்கள் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு என்று பின்பக்கம் ஒதுக்கி, ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று மாடத்தி காவலுக்கு உட்கார்ந்தாள். ரெண்டு கல்யாணம் அங்கேயே பேசி முடிவாயின, ஒரு பழைய வாய்க்கால் தகராறு தீர்ந்தது. துப்புரவு வேலை பார்க்கிற வெள்ளையம்மா, உதிர்ந்து கிடக்கிற இலை நிழல்களைக் காலையில் கூட்டிக் குவித்து அள்ளிப் போட்டாள்.

கனகவேலுக்கு மனசு நிறைந்து போயிற்று. நிறைந்த மனசோடு அவர் காரைச் சுற்றி டைல்ஸ் பதித்தார். டைல்ஸைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார். சக்கரங்களுக்குக் கீழே சிமெண்ட் மேடை கட்டி, முன்னால் ஒரு போர்டும் வைத்தார். யாரோ ஸ்டியரிங்குக்கு மாலை போட்டார்கள்.

தங்கபுஷ்பம் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வந்து பார்த்தாள். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தன் காரைப் பார்ப்பது, வளர்த்த மாட்டைப் பட்டியில் போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெல்டு பிடித்த இடம் எது, பள்ளம் அடைக்கப் பட்டி பூசிய இடம் எது, எந்த நட்டைத் திருகும்போது விரல் நசுங்கிற்று என்று அவளுக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. வண்டி ஓடினால்தான் அந்த நட்டுக்கெல்லாம் அர்த்தம். டயர் காற்று இறங்கி மேடையில் சப்பளிந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் குனிந்து தரையைப் பார்த்தபோது, நிழலில் ஓர் ஓரமாக ஓட்டை விழுந்திருந்தது.

“தலைவரே, நிழல் கொட்டுது.”

“இலை உதிர்ற காலமா இருக்கும் டீச்சர்.”

அது இலை உதிர்கிற காலம் இல்லை. வெள்ளையம்மா கூட்டிக் குவிக்கிற இலை நிழல் நாளுக்கு நாள் அதிகமானது. தரையில் விரிந்த நிழல் நாளுக்கு நாள் குறைந்தது. அணிலின் நிழல் போயிற்று, காக்காக்கூடு போயிற்று. ஊர் கூடி என்னென்னவோ செய்து பார்த்தது. சக்கரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார்கள், ஆட்டுப் புழுக்கை போட்டார்கள், டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினார்கள். திருஷ்டி பட்டுவிட்டது என்று பூசணிக்காய் உடைத்தார்கள். ஜூன் பிறந்தபோது, டைல்ஸின் மேல் மொட்டைக் கிளைகளின் நிழல் மட்டும், காய்ந்த விறகுக் கட்டை அவிழ்த்துப் போட்ட மாதிரிக் கிடந்தது. நிழல் போன இடத்தில் சவரக்காரர் மட்டும், எழுந்து போக மனசு வராமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் காலையில் தங்கபுஷ்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். கையில் சாவி இருந்தது. அருமைநாயகமும் கூட வந்தார், கடப்பாரையைத் துணிக்கட்டு மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு. சனம் கூடிவிட்டது.

“வண்டியை எடுக்கப் போறேன் தலைவரே.”

கனகவேல் அவள் முன்னால் வந்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. “இந்த நேரத்துல அதை அசைக்கலாமா டீச்சர். இருக்கிற உசுரும் போயிருச்சுன்னா? உங்க கார் நிழல்லதான இந்த ஊரே நிக்குது.”

“ஊரு நிக்கட்டும். காரும் நிக்குது பாத்தீங்களா, அதான் தப்பு.”

“நம்ம நல்லதுக்குத்தான...”

“மரம்னா ஒரு இடத்துல நின்னாத்தான் அது பொழைக்கும். இது காரு. இதை நான் நிக்கிறதுக்குச் செய்யல. ஓடுறதுக்குச் செஞ்சேன்.”

கூட்டத்தில் ஒரு பக்கம் டீச்சர் சொல்வது சரி என்றது, ஒரு பக்கம் ஊர்ச் சொத்தை எடுத்துக்கொண்டு போவதா என்றது. ஊர்ச் சொத்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தங்கபுஷ்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள், கொய்யாக் கூடைக்குப் பின்னாலிருந்து மாடத்தி எழுந்து வந்தாள்.

“ஒண்ணு கேக்கேன். நான் கீழ விழுந்து கிடந்தன்னைக்கு இந்த ஊருல எத்தனை நிழல் இருந்துச்சு? கடைக்குக் கடை பந்தல் இருந்துச்சு. எது என்னைத் தூக்கிட்டுப் போச்சு? இந்த வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சு, அதனால நான் இருக்கேன். இதே மாதிரி மேடை கட்டி நிறுத்தியிருந்தா, நான் நல்ல நிழலாப் பாத்துச் செத்துருப்பேன்.”

சவரக்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். கனகவேல் கொஞ்ச நேரம் தான் பதித்த டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிலே தாமரைப் பூப் போட்டிருந்தது, அவரே கடைக்குப் போய்ப் பொறுக்கியெடுத்தது. பிறகு அருமைநாயகத்திடம் கையை நீட்டி, “கடப்பாரையைக் கொண்டாங்க” என்றார்.

அவர்தான் முதல் டைல்ஸைப் பெயர்த்தார். பிறகு ஆளாளுக்குக் கை வைத்தார்கள். வேலி போனது, மேடை உடைந்தது, பஞ்சர் கடைக்காரர் டயருக்குக் காற்று அடித்தார், மாடத்தி ஸ்டியரிங்கில் கிடந்த காய்ந்த மாலையை எடுத்து ஆட்டுக்குப் போட்டாள். தங்கபுஷ்பம் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். டிக் என்ற ஒரு சத்தத்தோடு சரி. பேட்டரி முழுசாக இறங்கியிருந்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். மைதானத்துக் குரல் தானாக வந்தது.

“எல்லாரும் பின்னால வரிசையா நில்லுங்க. நான் சொல்றப்பதான் தள்ளணும். தலைவரே, நீங்க நடுவுல.”

கனகவேல் நடுவில் நின்றார். மாடத்தி இந்தப் பக்கம், சவரக்காரர் அந்தப் பக்கம், வெள்ளையம்மா, பேங்க் வரிசைக்காரர்கள், கல்யாணம் பேசி முடித்த ரெண்டு வீட்டுச் சம்பந்திகள், எல்லாரும் கை வைத்தார்கள். அருமைநாயகம் வேஷ்டியை மடித்துக் கட்டி, தள்ளுவதற்கு எது சரியான இடம் என்று ரெண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மூணாவது தடவை பார்க்காமல் தோளைக் கொடுத்தார். அவள் ரெண்டாவது கியரைப் போட்டு, கிளச்சை மிதித்துக்கொண்டு, “தள்ளு” என்றாள். வண்டி உருண்டது, பஸ் ஸ்டாண்டு வாசல் சரிவில் வேகம் பிடித்தது, அவள் கிளச்சை விட்டாள். கார் ஒரு தடவை குலுங்கியது, ரெண்டு தடவை இருமியது, கரும்புகை ஒன்றைத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் விட்டது, பிறகு பிடித்துக்கொண்டது.

அவள் நிறுத்தவில்லை. முக்கு ரோட்டைத் தாண்டி எருக்கம்பட்டிப் பக்கம் திருப்பி, மூணாவது, நாலாவது என்று கியரை மாற்றிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாக வந்த காற்று உள்கூரையின் கரும்பச்சைத் துணியைப் படபடவென்று அடித்தது. முதல் பாலத்தில் மொட்டைக் கிளை நிழல்தான் கூட வந்தது. ரெண்டாவது பாலம் தாண்டும்போது அந்தக் கிளைகளின் நுனியில் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. சோளக்காட்டைத் தாண்டும்போது பொட்டெல்லாம் விரிந்தது. எருக்கம்பட்டி மைதானம் கண்ணுக்குத் தெரிவதற்குள், ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் புது இலை நிழல் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது, தன் மடியில் விழுந்த அதைத் தங்கபுஷ்பம் ஒரு கையால் தடவிக்கொண்டே ஓட்டினாள். சின்ன வயசில் முதல் தடவை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தபோது அழுதவள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான் அழுதாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

திரும்பி வரும்போது வழி நெடுகப் பைக்குகள் காத்திருந்தன. பஸ் ஸ்டாண்டில் கனகவேல், கரிபிடித்த சட்டையோடு, கையை அகல விரித்து ஜனங்களை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டுக் கொண்டிருந்தார். அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான் பிறகு நிலைத்தது: போகும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கிற நேரம், வரும்போது இன்னொரு டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான் கார் நிற்கும். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டால் யாரும் இருங்க என்று சொல்லக்கூடாது. லீவு நாளில், ஓட்டத் தெரிந்த யாராவது வந்து வண்டியைச் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் ஒரு நடை ஓட்டிக்கொண்டு வரலாம், பெட்ரோல் அவரவர் பொறுப்பு. கனகவேலும் அதற்காகவே டிரைவிங் கற்றுக்கொண்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் அடுத்தது நடந்தது. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள், எருக்கம்பட்டி ரோட்டோரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு கன்றின் நிழல் தரையில் விழுந்திருப்பதைப் பார்த்தார்கள். கன்று எங்கே என்று தேடினார்கள்; கன்று இல்லை, நிழல் மட்டும்தான் இருந்தது, ரெண்டே ரெண்டு இலையோடு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பாலத்துக்குப் பக்கத்தில் மூணு. தங்கபுஷ்பம் தினமும் போய் வருகிற ரோட்டில், ரெண்டு ஓரத்திலும், பாறைக்குளம் எல்லை வரைக்கும் வரிசையாக முளைத்திருந்தன.

அந்தப் பெண்கள் அதற்காக வேலையை நிறுத்தவில்லை; வேலையோடு வேலையாக ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் ஓர் ஆடு ஒரு நிழலை முகர்ந்துவிட்டுப் போனது, சாயங்காலம் பார்த்தால் அதில் பாதியைக் காணோம். அதனால் ஒவ்வொரு நிழலையும் சுற்றி முள் வைத்தார்கள். எந்த நிழல் எந்த வீட்டுப் பொறுப்பு என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளை இல்லாத வீடு ஒன்று ரெண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. காளீஸ்வரியின் அம்மாவுக்குக் கிடைத்தது பாலத்தோரத்து நிழல். வரிசையிலேயே நோஞ்சான் அதுதான். அவள் குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் அதற்குத்தான் ஊற்றினாள்.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில், தங்கபுஷ்பம் அதைப் பார்ப்பதற்காகப் பாலத்தோரம் காரை ஓரம் கட்டினாள். முள்வேலிக்குள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. ஏழெட்டு இலை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தண்டு. அவள் இறங்கிக் குனிந்து நன்றாகப் பார்ப்பதற்குள் காணாமல் போயிற்று. காரின் பெரிய நிழல் வந்து அதன் மேல் மொத்தமாக விழுந்துவிட்டது.

காளீஸ்வரியின் அம்மா இடுப்பில் குடத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“டீச்சர், டீச்சர், இங்க நிறுத்தாதீக. இப்பத்தான் அதுக்கு வெயிலு வந்துச்சு.”

“பாக்கலாம்னு இறங்குனேன்.”

“போறப்பவே பாத்துக்கிருங்க. வெயிலு பட்டாத்தான அது விழும், விழுந்தாத்தான வளரும். நீங்க போங்க, நிக்காதீக.”

இத்தனை காலமாக வழியெங்கும் நிற்கச் சொல்லியே கேட்டுப் பழகியவள், ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிப்போய்க் காரில் ஏறினாள். கியரைப் போட்டாள். கத்தரிப்பூ நிறக் கார் நகர நகர, பெரிய நிழல் கன்றின் மேலிருந்து ஓர் ஓரமாக விலகியது. வெயில் வந்து விழுந்தது. முள்வேலிக்குள் அந்த ஏழெட்டு இலையும் ஒவ்வொன்றாகத் தரையில் திரும்பவும் எழுந்தன. காளீஸ்வரியின் அம்மா குடத்தைச் சாய்த்தாள்.